பேய் வந்தால்தான் பேசலாமா?

"புருஷன் பொண்டாட்டி மனசு விட்டுப் பேசினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது." இந்த வாக்கியத்தை முதன்முதலில் எழுதின புண்ணியவான் யாருன்னு தெரியலை. தெரிஞ்சா நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கணும். ஐயா, பேசினா மீதிப் பாதியை யார் வாங்கிக் கட்டிக்கிறது?

வார இதழ் திறந்தா இதுதான். டிவியில் கோட்டு போட்டவர் சொல்றதும் இதுதான். கல்யாண மண்டபத்தில் மைக் கிடைச்ச மாமா, மொய் எழுதிவிட்டு வந்த கையோடு சொல்றதும் இதேதான். நம்ம பதிவர்களும் விதிவிலக்கு இல்லை. கல்யாண நாள் வந்தா ஒரு பதிவு, அதில் பத்து டிப்ஸ், ஒன்பதாவது டிப்ஸ் 'உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்'. ஏதோ டிபன் பாக்ஸைப் பகிர்ந்துக்கிற மாதிரி!

என் சண்டை பேசுவதோடு இல்லை. பேசணும், கட்டாயம் பேசணும். ஆனா 'பேசத் தெரியாததுதான் பிரச்னை' என்று சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஏறுது. நம்ம ஊர்ல பொம்பளைக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தெரியும், எதை எங்கே சொன்னா என்ன விழும்னு. அது தெரிஞ்சதாலதான் பேசலை. நம்பலைன்னா ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் வாங்க.

தெரியாதவங்களுக்கு: விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு வடக்கே, வளத்தி தாண்டி இருக்கு மேல்மலையனூர். அங்காள பரமேசுவரி கோவில். மாசாமாசம் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம். மாசி மாசம் சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை. அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் விடுவாங்க. திண்டிவனத்திலேயே ஏறினாலும் உட்கார இடம் கிடைச்சா அது அம்மன் அருள்தான். எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கற்பூரப் புகையுமா ராத்திரி முழுக்க அந்த ஊர் தூங்காது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் பம்பை அடிச்சிட்டு இருப்பாங்க. நடுவில் தலைவிரி கோலமா ஒரு பொண்ணு. சின்ன வயசாத்தான் இருக்கும், அநேகமா கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகியிருக்காது. பம்பைக்காரர் கேட்பார்: "நீ யாரு? எந்த ஊரு? எங்க பிடிச்ச? ஏன் பிடிச்ச?" அவ பதில் சொல்லுவா. இல்லை, 'அது' பதில் சொல்லும். அந்தப் பதிலில் மாமியாரைத் திட்டலாம், நாத்தனாரைத் திட்டலாம், "இவன்கூட நான் இருக்க மாட்டேன்" என்று புருஷனைக் காட்டிக் கத்தலாம். சுத்தி நிக்கிற பத்து பேரும் கேட்டுக்குவாங்க. ஒருத்தரும் கை ஓங்க மாட்டாங்க. மறுநாள் யாரும் அவகிட்ட கணக்குக் கேட்கவும் முடியாது. ஏன்னா பேசினது அவ இல்லையே!

ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாகிட்ட கேட்டேன், "ஏம்மா, இதெல்லாம் நிஜமாவே பேயா?" அந்தம்மா வெத்தலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கிட்டு, "பேயோ என்னமோ தம்பி, அது வந்திருக்கிற வரைக்கும் மாமியாக்காரி வாயத் தொறக்கறதில்ல" அப்படின்னாங்க. எனக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை.

இதை நான் மட்டும் சொல்லலை. இசபெல் நபோகோவ் என்று ஒரு மானுடவியல் ஆய்வாளர். விழுப்புரம் மாவட்டமே பிறக்காத காலத்தில் (1993-ல்தான் பிரிச்சாங்க) பழைய தென்னாற்காடு பக்கம் வந்து தங்கி, மேல்மலையனூர் பம்பைக்காரர்கள் பேயோட்டுவதைப் பார்த்துப் பதிவு பண்ணினவங்க. 1997-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னா 'காதலனை விரட்டு, மனைவியை மீட்டெடு'. 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவங்க புத்தகத்திலும் இந்த விஷயம் விரிவா வருது. அவங்க பார்த்தது இதுதான்: பிடிக்கிற பேய் பெரும்பாலும் அற்பாயுசில் செத்த வாலிபன், அதிலும் காதல் தோற்று உயிரை விட்டவன். பிடிபடுவது அதிகமும் புதுசா கல்யாணமான பொண்ணு. பிடிச்சதுக்கு அடையாளம்? புருஷனை அண்ட விட மாட்டா. சோறு தண்ணி இறங்காது. பிறந்த வீட்டுக்கு ஓடி வந்துடுவா.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க மக்களே. இருபது வயசுப் பொண்ணு. யார்னே தெரியாத ஒருத்தனோட ஒரு ராத்திரியில் கொண்டு போய் விட்டாச்சு. 'எனக்கு இவனைத் தொடப் பிடிக்கலை' என்று சொல்ல அவளுக்கு வீட்டில் ஒரு ஆள் இல்லை. அம்மாகிட்ட சொன்னா "போகப் போகச் சரியாயிடும்". அப்பாகிட்ட சொல்லவே முடியாது. புருஷன்கிட்டயே சொன்னா? சொல்லவே வேண்டாம். பேய் சொல்லுது, அப்பதான் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வர்றாங்க.

முடிவு என்ன ஆகுது தெரியுமா? உச்சியில் ஒரு கொத்து முடியைப் பிடிச்சு முடிச்சுப் போடுவாங்க. அந்த முடிச்சில்தான் பேய் உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். அவ தலையில கல்லைத் தூக்கிட்டு ஓடிப் போய் புளியமரத்தடியில் போடுவா. முடியை வெட்டி மரத்தில் ஆணியடிச்சிடுவாங்க. பேய் போச்சு. பொண்ணு? புருஷனோட அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு. இது பொண்ணுக்குக் குரல் கொடுக்கிற சடங்கு என்பதை விட, அவளை மறுபடி மனைவி வேலைக்கு அனுப்பி வைக்கிற சடங்கு என்பதுதான் நபோகோவின் வாதம். குரல் வந்தது வாஸ்தவம். கேட்டாங்களா? கேட்டாங்க, பேயோட குறையை. அதுக்கு என்ன வேணும்னு விசாரிச்சுக் கொடுத்தும் அனுப்புறாங்க. அவளுக்கு என்ன வேணும்னு கேட்டாங்களா என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் பகுத்தறிவு நண்பர்கள் கை தூக்குவாங்கன்னு தெரியும். "பார்த்தியா, எல்லாம் நடிப்பு, மூடநம்பிக்கை." உங்களோடயும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. பேய் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா பேய் இல்லைன்னு நிரூபிச்ச அடுத்த நிமிஷம் அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன கொடுக்கப் போறீங்க? அவகிட்ட இருந்த ஒரே மைக்கையும் பிடுங்கிட்டு, "இனிமே பகுத்தறிவோட மௌனமா இரு" என்று சொல்றதா? உங்க வீட்டம்மா உங்ககிட்ட "எனக்கு இந்த வாழ்க்கை அலுத்துப் போச்சு" என்று சாதாரண நாளில், தலை வாரிக்கிட்டு, காபி டம்ளரோட உட்கார்ந்து சொல்ல முடியுமா? அதைச் சொல்லுங்க முதலில்.

ஆன்மிக நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கு. "அம்மன் சந்நிதியில் எல்லாம் சரியாயிடும்" என்கிறீங்களே, சரியாவது யாருக்கு? நானும் அமாவாசைக்குப் போறவன்தான், திருநீறும் குங்குமமும் வாங்கறவன்தான். ஆனா சாமிகிட்ட போய் இறக்கி வச்சிட்டு வான்னு சொல்றது, புருஷன் கேட்க வேண்டியதை அம்மன் தலையில கட்டுறது. அதுக்கா அங்காளம்மன் அங்க உட்கார்ந்திருக்கா? தவிர, நிஜமாவே மனநோய் இருந்தா டாக்டரைத்தான் பார்க்கணும். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில் கருகினதை நாம மறக்கக் கூடாது.

பேய் ஒரு வழி. இன்னொரு வழி ஒப்பாரி. புருஷன் செத்த அன்னிக்குத் தெருவே கேட்கிற மாதிரி, ராகம் போட்டு, அவன் வச்சது, வைக்காதது, அவன் வீட்டு மனுஷங்க செஞ்சது எல்லாத்தையும் ஒரு பொம்பளை சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. நபோகோவே பிற்பாடு இசபெல் கிளார்க்-தெசே என்ற பெயரில் தமிழ் ஒப்பாரி பற்றி 2005-ல் தனியா ஒரு புத்தகம் போட்டிருக்காங்க. ஆக, நம்ம பண்பாடு மனைவிக்குத் தந்திருக்கிற பேச்சு சுதந்திரம் ரெண்டு சந்தர்ப்பத்தில். ஒண்ணு, அவ அவளா இல்லாதப்போ. இன்னொண்ணு, அவன் உயிரோட இல்லாதப்போ. ரெண்டு பேரும் முழுசா உயிரோட எதிரெதிரே உட்கார்ந்து பேசறதுக்கு நாம இன்னும் ஒரு சடங்கும் கண்டுபிடிக்கலை.

ஆம்பளைங்க மட்டும் வாழுதான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நானும் அந்த ஜாதிதான். சம்பளம் பத்தலை, மேனேஜர் அசிங்கப்படுத்தறான், அப்பா செத்ததுலேர்ந்து தூக்கம் வரலை... இதை எந்த ஆம்பளை வீட்டில் சொல்றான்? சொன்னா 'பொட்டச்சி மாதிரி' என்று பேர். அதனால் அவனுக்கும் ஒரு பேய் வேணும். 2003 நவம்பரிலேர்ந்து அதை அரசாங்கமே கடை போட்டு விக்குது. குவார்ட்டர் உள்ள போனதும் இருபது வருஷ அழுகையும் வெளிய வரும். காலையில் கேட்டா "மப்புல ஏதோ உளறியிருப்பேன், விடு". பொம்பளைக்குப் பேய், ஆம்பளைக்கு டாஸ்மாக். ரெண்டுக்கும் பொதுவான வசதி ஒண்ணுதான்: மறுநாள் காலையில் 'அது நான் இல்லை' என்று சொல்லிடலாம்.

ஆனா ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. அவன் பேய் அடிக்கும். அவ பேயை அடிச்சு விரட்டுவாங்க.

இப்ப வழக்கமான எதிர்வாதத்துக்கு வருவோம். "நம்ம ஊர்ல அன்பை வாயால சொல்ற பழக்கம் இல்லைப்பா, சொல்லாமலே புரிஞ்சுக்கிறதுதான் தமிழ்ப் பண்பு." இது லேசா தள்ளக்கூடிய வாதம் இல்லை. மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு தமிழ்க் குடும்பத்தோட தங்கி, அவங்க அன்பு செலுத்துற விதத்தைப் பற்றி 1990-ல் ஒரு அருமையான புத்தகம் எழுதினாங்க. தமிழர் அன்பின் குணங்கள்னு அவங்க போடுற பட்டியலில் முதலில் வருவது அடக்கம். அன்பை மறைச்சு வைக்கிறது. கண்ணு பட்டுடும்னு குழந்தையையே கொஞ்சாமல் திட்டற ஊர் இது. எங்க பெரியம்மா பெரியப்பாவை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. ஆனா அவர் ஏரிக்கரையில் வரும்போதே செருப்புச் சத்தம் கேட்டு உலையில் அரிசி போடுவாங்க. அது அன்பு இல்லைன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை.

ஆனா அடக்கம் வேற, அடக்குறது வேற. ஆசையை மறைச்சு வைக்கிறது ஒரு அழகு. வலியை மறைச்சு வைக்கச் சொல்றது அழகு இல்லை. பெரியம்மா உலை வச்சது பெரியப்பாவுக்குப் புரிஞ்சுது. பெரியம்மாவுக்கு முதுகு வலிச்சது யாருக்குப் புரிஞ்சுது? 'சொல்லாமலே புரியணும்' என்கிற சட்டம் ஒரு திசையில்தான் வேலை செய்யுது. புருஷன் பசியை அவ சொல்லாமலே புரிஞ்சுக்கணும். அவ மனசை அவன் சொன்னாலும் புரிஞ்சுக்க வேண்டியதில்லை.

"ஆனா நம்ம தம்பதிகள் திருப்தியாத்தானே இருக்காங்க? ஆராய்ச்சியே சொல்லுதே!" ஆமா, சொல்லுது. 1988-ல் யெல்ஸ்மா, அத்தாப்பிள்ளி என்று ரெண்டு பேர் இந்திய, அமெரிக்கத் தம்பதிகளை ஒப்பிட்டு எழுதினாங்க. பெரியவங்க பார்த்து முடிச்ச இந்தியக் கல்யாணங்களில்தான் திருப்தி மதிப்பெண் அதிகம். பேச்சுக்கும் திருப்திக்கும் உள்ள தொடர்பும் அங்க குறைவு. மொத்தம் நூறு தம்பதிகூட இல்லாத ஆய்வு அது, இருந்தாலும் வச்சுக்குவோம். என்ன அர்த்தம்? 'பேசாமலே சந்தோஷம்' என்றும் படிக்கலாம். 'பேச்சை எதிர்பார்க்கிறதையே விட்டாச்சு, அதனால ஏமாத்தமும் இல்லை' என்றும் படிக்கலாம். ஹோட்டலில் பொங்கல் மட்டும்தான் கிடைக்கும்னு தெரிஞ்சு போறவன், தோசை இல்லைன்னு சண்டை போட மாட்டான். அதுக்காக அவனுக்குத் தோசை பிடிக்காதுன்னு எழுதி வைப்பீங்களா?

எனக்குக் கிடைச்ச பெரிய ஆயுதம் வேற இடத்தில் இருக்கு. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்று ஒருத்தர், தம்பதிகளை உட்கார வச்சு, அவங்க சண்டை போடறதைப் படம் பிடிச்சு, பல வருஷம் பின்தொடர்ந்து பார்க்கிறவர். 1998-ல் அவரும் கூட்டாளிகளும் 130 புதுத் தம்பதிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இருக்கு. நம்ம டிப்ஸ் ஆசாமிகள் சொல்ற 'கவனமாகக் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, புரிந்ததை உறுதி செய்யுங்கள்' வித்தை இருக்கே, அது கல்யாணம் நிலைக்குமா நிலைக்காதான்னு காட்டவே இல்லை. எது காட்டிச்சு? மனைவி சொல்றதைப் புருஷன் ஏத்துக்கிறானா, அவ பேச்சுக்குத் தன் முடிவில் இடம் கொடுக்கிறானா என்பதுதான். இடம் கொடுக்க மறுத்த புருஷனோட கல்யாணம்தான் முறிவு பக்கம் போச்சு.

அங்க வந்து நிக்குது என் வாதமும். பேசறது பெரிசில்லை. பேசினதால ஏதாவது மாறுமா என்பதுதான் பெரிசு. பத்து வருஷமா "உங்க தங்கச்சி என்னை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டறா" என்று சொல்லிட்டிருக்கிற பொண்ணுகிட்ட போய், "மனம் விட்டுப் பேசும்மா" என்று சொல்றவனை என்ன பண்றது? அவ பேசியாச்சு சார்! சுவர்தான் திரும்பப் பேசலை. பொண்டாட்டி திடீர்னு அமைதியாயிட்டா 'பொறுப்பு வந்துடுச்சு, பக்குவம் வந்துடுச்சு' என்று சந்தோஷப்படற புருஷன்மாரே, ஜாக்கிரதை. அது பக்குவமா இல்லாம இருக்கலாம். அவ உங்ககிட்ட மனு கொடுக்கிறதை நிறுத்திட்டா, அவ்ளோதான்.

இன்னொண்ணு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் ஏதாவது ஒரு காலத்தில் புருஷனோட வன்முறையைப் பார்த்திருக்காங்க. அடி வாங்கற வீட்டில் போய் 'வெளிப்படையாகப் பேசுங்கள்' என்று டிப்ஸ் கொடுக்கிறது அறிவுரை இல்லை, ஆபத்து. அங்க தேவை பேச்சு இல்லை, பாதுகாப்பு. அதுக்கு 2005-ல் சட்டம் வந்தாச்சு, வாய்வார்த்தையால் வதைக்கிறதும் அதில் குடும்ப வன்முறையாத்தான் இருக்கு. 181-க்கு போன் போட்டா உதவி உண்டு. டிப்ஸ் எழுதறவங்க அந்த மூணு எண்ணை முதல் வரியில் எழுதிட்டு மத்ததை எழுதட்டும்.

அடிக்காத, குடிக்காத, 'நல்ல புருஷன்' என்று ஊரே சொல்ற நம்மளை மாதிரி ஆட்களுக்குத்தான் இந்தப் பதிவு. மலையனூர் தலபுராணம் கேட்டிருப்பீங்க. பிரம்மனுக்கும் அஞ்சு தலை, சிவனுக்கும் அஞ்சு தலை. ஆள் மாறிப் பார்வதி வணங்கிடறா. சிவன் பிரம்மனோட ஒரு தலையைக் கிள்ளி எடுக்க, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்குது. எந்தச் சோறு போட்டாலும் கபாலமே தின்னுடும். சிவன் பட்டினியா ஊர் ஊரா அலையறார். கடைசியில் அங்காளம்மன்தான் மயானத்தில் சோத்தைச் சூறை விட்டு, கபாலத்தைக் கீழே இறங்க வச்சு, காலால் மிதிச்சு அவரை விடுவிக்கிறா. வருஷா வருஷம் மயானக் கொள்ளையில் நாம கொண்டாடுறது இதைத்தான்.

பக்திக் கண்ணோட கேட்டா அது அம்மன் மகிமை. குடும்பஸ்தன் காதால் கேட்டா எனக்கு வேற ஒண்ணும் கேட்குது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காம கோபம் முந்திக்கிட்டா, அது கையிலேயே ஒட்டிக்கும். அதுக்கப்புறம் அந்த வீட்டில் எவ்வளவு சோறு ஆக்கினாலும், எவ்வளவு நகை எடுத்துக் கொடுத்தாலும், எல்லாத்தையும் அதுவே தின்னுடும். ரெண்டு பேரும் பட்டினி. தெய்வத்துக்கே அந்தக் கதின்னா, முன்பணம் கொடுத்து வாடகை வீட்டில் இருக்கிற நாம எந்த மூலை?

அதனால ஆம்பளைங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'மனசு விட்டுப் பேசு' என்று அவகிட்ட சொல்றதை நிறுத்துங்க. அது நம்ம வேலையையும் அவ தலையில கட்டுறது. கேளுங்க. பதில் வரும்போது "நான் அப்படி இல்லையே" என்று ஆரம்பிக்காதீங்க. "எங்கம்மாவை ஏன் இழுக்கிற" என்று பாயாதீங்க. முக்கியமா, அவ சொன்னதை அடுத்த சண்டையில் எடுத்து அவமேலயே வீசாதீங்க. அதை ஒருதடவை செஞ்சாப் போதும், அந்தக் கதவு அதோட சரி. கேட்டதில் ஒண்ணையாவது அந்த வாரத்துக்குள்ள மாத்துங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. நாத்தனார் போன் வந்தா நீங்களே எடுங்க, அது போதும் ஆரம்பத்துக்கு. உங்க பயத்தையும் சொல்லுங்க, குவார்ட்டர் இல்லாம சொல்லுங்க. நாக்கு ஒண்ணும் அறுந்துடாது.

முடியாது, ஆம்பளை கெத்து போயிடும் என்கிறவங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அடுத்த அமாவாசைக்குத் திண்டிவனத்திலேர்ந்து ஸ்பெஷல் பஸ் இருக்கு. அங்க பம்பைக்காரர் உங்க சார்பா உங்க பொண்டாட்டிகிட்ட ஏன்னு கேட்பார். ஒரு கொத்து முடியும் ஒரு ஆணியும்தான் செலவு.